நாலு பேர் வாசிக்கும் கல்யாணம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எங்கள் அளவுக்கருவிச் சோதனைக்கூடத்துக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து குழந்தைகளை எடைபோடும் தராசுகள் வந்தன. எல்லாவற்றையும் சரிபார்த்து, முத்திரை ஒட்டி அனுப்பியாயிற்று. கல்யாணத்துக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கிற வேலையையும் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஏப்ரல் பதினெட்டு கல்யாணம். சாப்பாட்டை அம்மா எடுத்துக்கொண்டாள். மண்டபம் பெண்ணின் அம்மா, அதாவது அத்தை பொறுப்பு. அழைப்பு வேலையைப் பல்லி பார்க்கிறாள். மிச்சமிருந்தது இசை. நீதானே மெஷின் ஆளு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். (பல் டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளைப் பல்லி என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? நேரில் சொன்னால் கடித்துவிடுவாள். கருவிகளும் கையில் இருக்கின்றன.)

அவள் உள்ளே நடந்து வரும்போது ஒரு பாட்டு, மோதிரம் மாற்றும்போது ஒன்று, கையெழுத்துப் போடும்போது ஒன்று. அப்புறம் வரவேற்புக்குத் தொடர்ச்சியாக. ஒரு போன், இரண்டு ஸ்பீக்கர், முடிந்தது கதை. சாயங்காலம் அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இது லிஃப்ட்ல போடுற மியூசிக்" என்றாள். "மாமா வாசிப்பார். நாலு பேரும் வருவாங்க."

மாமா என்றால் அவளுடைய தாய்மாமா. சாவிக்கடை வைத்திருக்கிறார். அக்கார்டியன் வாசிப்பாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

நாலு பேரையும் கேட்டுவிட்டு வந்தேன்.

கடையின் முன்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவு. பின்பக்கம் நீளமான அறை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், கொத்துக் கொத்தாக ஆணியில். மாமா மூலையில் ஒரு ஸ்டூலில், மடியில் அந்த அக்கார்டியன் பெட்டி. அவருடைய அப்பா காலத்துச் சரக்கு, ஓரமெல்லாம் தேய்ந்து மரம் தெரிகிறது. கிளாரினெட் ஒரு பஸ் டிரைவர். கிட்டார் முடிவெட்டுகிறவர். டிரம் வெல்டர். குழுவின் பெயரே 'நாலு பேர்'. "நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு எல்லாரும் பயப்படுறாங்கல்ல, அந்த நாலு பேர் நாங்கதான்" என்றார் வெல்டர். அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பல்லி நடந்து வருவதற்கு ஒரு பாட்டு கேட்டிருந்தாள். அதன் ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போட்டு, கூடவே வாசியுங்கள் என்றேன். வாசித்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு டிவி ஓடுகிற மாதிரி இருந்தது. பல் கூசியது. போனில் சுருதி அளக்கும் செயலி இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி அளந்தேன். எல்லோருமே சுருதியில் கீழே. ஒருவர்கூடச் சரியில்லை.

சொன்னேன். இருக்கிறதைத்தானே சொன்னேன்? நாலு பேருமே சுருதி தப்பி வாசிக்கிறீர்கள், வேண்டுமானால் அளவுகளைப் படமாகப் போட்டு அனுப்புகிறேன் என்றேன்.

டிரைவர் கிளாரினெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா பெட்டியின் துருத்தியை மெதுவாக மடக்கி வாரை மாட்டினார்.

"அப்படிங்களா மாப்பிள்ளை. நல்லதாப் போச்சு, முன்னாடியே சொன்னீங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க. நான் வந்து உக்காந்து சாப்பிடுறேன்."

பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

தீரவில்லை. பல்லி போனை எடுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அவளுடைய கிளினிக்குக்கே போனேன். கடைசி நோயாளி போகும்வரை வெளியே மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டவள் என்னை அந்தச் சாயும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். வேறு நாற்காலி இல்லை. படுத்துக்கொண்டே திட்டு வாங்கினேன். விளக்கு நேராகக் கண்ணில்.

கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளுடைய அப்பா இறந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. அத்தை நர்ஸ், பாதி நாள் ராத்திரி வேலை. பள்ளிக்கூடம் விட்டால் சாவிக்கடைதான். முன்பக்க மேசையில் இவள் வீட்டுப்பாடம் எழுதுவாள், பின்பக்கம் மாமா வாசித்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டால் மாமா இருக்கிறார் என்று அர்த்தம். எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம்.

"நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமையிலேருந்து அவர் பெட்டியத் திறக்கல."

நான் வேறு நல்ல குழு பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். நானும் ஒரு ஆள்.

"அவர் வாசிக்காம நான் அந்த மண்டபத்துல நடக்க மாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம். யாரையும் கூப்பிட வேணாம்."

அப்புறம் கையுறையை மாற்றிக்கொண்டு, வந்ததுதான் வந்தாய் வாயைத் திற என்றாள். பின்பல்லில் ஒரு சொத்தை இருக்கிறதாம். கோபத்திலும் அதைப் பார்க்கிறாள். என்ன பெண் இவள்.

மார்ச் 14, சனி

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அத்தை சொல்லியிருக்கிறார். காய் நறுக்கிக்கொண்டே பேசினாள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கப்பாவும்தான் குளிக்கும்போது பாடுறார். நான் மீட்டர் வச்சா பார்த்தேன்?"

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஏன், நல்லாத்தானே இருக்கும்?" என்றார்.

அம்மா அடுத்த காயை எடுத்தாள்.

ஆனால் அளவு அளவுதானே? சரியில்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு எனக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. என் கையெழுத்தை நம்பித்தான் ஒரு குழந்தையின் எடையை எழுதுகிறார்கள். அவ்வளவும் சரி. அப்படியானால் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 17, செவ்வாய்

மடையன். மடையன். மடையன்.

இன்று ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெப்பமானிகள் வந்தன. ஒரே பெட்டியில் வந்தவை. எல்லாம் ஒரே அளவு குறைவாகக் காட்டின. ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் இல்லை. நான் யோசிக்காமல், கை தானாக எழுதிற்று: 'ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. நிலையான வேறுபாடு. திருத்தத்தைச் சேர்த்துப் பயன்படுத்தலாம்.' வாரத்துக்கு ஒரு முறையாவது எழுதுகிற வரி இது. பேனாவை மூடப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போனில், அன்று சாவிக்கடையில் நான் எடுத்த பதிவு இருந்தது. ஹெட்போனை மாட்டி மறுபடி அளந்தேன். மாமாவின் பெட்டி கொஞ்சம் கீழே. கிளாரினெட் அதே அளவு கீழே. கிட்டாரும் அதே அளவு. என் செயலிக்கு அவர்கள் கீழே. ஒருவருக்கொருவர் — இழைகூட விலகல் இல்லை. அந்தப் பழைய பெட்டியின் சுருதி அந்தக் காலத்துக் கணக்கு; கிட்டார் கம்பி மாதிரி அதை முறுக்கி ஏற்ற முடியாது. அதனால் மற்றவர்கள் அதற்கு இறங்கி வந்திருக்கிறார்கள். வருஷக்கணக்காக ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக் கேட்டு. பல் கூசியதற்குக் காரணம் நான் பக்கத்தில் போட்ட ஒலிப்பதிவு. அதை நிறுத்திவிட்டு அவர்களை மட்டும் கேட்டிருந்தால்—

கேட்டேன், இன்று. ஸ்பீக்கர் சத்தம் இல்லாத இடம் ஒரு சின்னத் துண்டு இருந்தது; பாட்டு தொடங்குமுன் அவர்கள் சும்மா வாசித்துப் பார்த்தது. நன்றாக இருந்தது. சாவிகள்கூட லேசாகக் கிணுகிணுக்கின்றன. டீ ஆறிப்போயிற்று.

ஒரு வெப்பமானிக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு மனுஷனுக்குக் கொடுக்கவில்லை நான்.

மார்ச் 18, புதன்

சாவிக்கடை. மாமா ஒரு சாவியை அறுத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று: தப்பாக அளந்துவிட்டேன் மாமா, தப்பு என் பேரில். அவர் சாவியை ஊதிப் பார்த்து, அரம் போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார்.

"நீங்க அளந்தது தப்பில்ல மாப்பிள்ளை. பெட்டி இறங்கித்தான் இருக்கு, அது எனக்குத் தெரியாதா? எங்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். டிரைவர் முன்னாடி சொல்லிட்டீங்க. அவன், புதுக் கிளாரினெட் வாங்கணுமா, இல்ல நான் நிறுத்திக்கணுமான்னு கேட்டான். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல."

நின்றேன். உட்காரக்கூடச் சொல்லாமல், டிரைவரின் பஸ் எண்ணை மட்டும் சொன்னார்.

மார்ச் 20, வெள்ளி

மன்னிப்புக் கேட்கும் சுற்றுலா.

முதலில் டிரைவர். கடைசி நிறுத்தம்வரை போய், எல்லோரும் இறங்கியபின் அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில் நின்றேன். ஹெட்போனைக் கொடுத்து அந்தச் சின்னத் துண்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். உங்கள் கிளாரினெட்டில் ஒரு குறையும் இல்லை, பெட்டியோடு மயிரிழை பிசகாமல் நிற்கிறது, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். ஹெட்போனைக் கழற்றாமலே, "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்றார். பஸ் தாமதமாகக் கிளம்பியது. பயணிகள் என்னைத்தான் திட்டினார்கள்.

அடுத்தது முடிவெட்டுகிறவர். உட்கார வைத்துத் துணியைப் போர்த்திவிட்டார். கத்தி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டால் அது மனசிலிருந்து வருகிறது. "மாப்பிள்ளை முடி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு வேணா அளந்துக்கோங்க" என்றார். தேவைதான் எனக்கு.

வெல்டர் முகமூடியைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் டிரம்முப்பா. என்னை எதுக்கு அளந்தே?"

அளந்தேன், உண்மைதான்.

மார்ச் 22, ஞாயிறு

டிரைவர் வந்தார்! நான் கடைக்கு வெளியே ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகத் துணிச்சலில்லை. துருத்தி இழுக்கும் சத்தம், அப்புறம் பெட்டி. பல்லி என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். என் காலரைச் சரிசெய்தாள், அவ்வளவுதான்.

பாதியில் உள்ளே கூப்பிட்டார்கள். நான் செய்து கொண்டுபோனதைக் காட்டினேன்: அவள் கேட்ட பாட்டின் ஒலிப்பதிவை, பெட்டியின் சுருதிக்கு இறக்கியிருந்தேன். வீட்டில் வாசித்துப் பழக. போட்டதும் மாமா கூடவே ஒரு சுரம் பிடித்தார். ஒட்டிக்கொண்டது. விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"பாட்டையே மாத்திட்டீங்களா?"

"பெட்டிய மாத்துறதவிட இது சுலபம் மாமா."

சிரிக்கவில்லை. ஆனால் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இசைத் தேர்வுக் கமிட்டி கூடியது. கலைந்தது. மறுபடி கூடியது. மோதிரத்துக்குக் கிளாரினெட் மட்டும் போதும் என்று முடிவு. கையெழுத்துக்கு ஒன்றும் வேண்டாம், பேனா சத்தம் கேட்கட்டும் என்றேன். முதல் தடவையாக என் யோசனை ஒன்று எதிர்ப்பின்றி நிறைவேறியது. வரவேற்புக்கு வெல்டர் சொல்கிற எல்லாமே ஆட்டம் போடுகிற பாட்டுகள். அம்மா வந்து ஒரு மெதுவான பாட்டைச் சேர்க்கச் சொன்னாள். யாருக்காக என்று சொல்லவில்லை. அப்பாவின் காது சிவந்தது.

ஒரே ஒரு சிக்கல். அப்பா ஸ்தானத்தில் பல்லியை அழைத்து வர வேண்டியவர் மாமா. வாசிக்க வேண்டியவரும் மாமா. இரண்டு இடத்தில் ஒரு ஆள் எப்படி நிற்பது? நுழைவுப் பாட்டை மட்டும் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போடலாம் என்று மாமாவே சொன்னார். பல்லி சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்கிற ஆள் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வேலைக்கு நடுவில் தோன்றியது. மாமாவுக்குப் போன் செய்தேன்: "பெட்டில வார் எதுக்கு மாமா வச்சிருக்கான்? தோள்ல மாட்டிக்கிட்டு நடக்கத்தானே?"

மறுமுனையில் மெஷின் நின்றது.

ஏப்ரல் 18, சனி

மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தேன். புது ஷூ கடித்தது. கதவு திறக்குமுன்பே சத்தம் வந்தது, வெளி நடையிலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள்.

மாமா பெட்டியைத் தோளில் மாட்டி வாசித்துக்கொண்டே வந்தார். அவருடைய இரண்டு கையும் பெட்டியில். பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால் அவள் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பஸ்ஸில் நிற்கிற மாதிரி. மாமா ஒரு இடத்தில் தவறான சுரத்தை அழுத்திவிட்டார். கண்ணைக் கண்ணீர் மறைத்திருக்கும். அந்த இடத்தில் அவள் சிரித்தாள்.

சுருதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் மாமா போன். எடுத்ததுமே, "எங்கடா இருக்கே? கடை ஷட்டரத் திறந்து எவ்வளவு நேரமாச்சு, வாசிக்க எல்லாரும் வந்தாச்சு" என்றார். வைத்துவிட்டார்.

பல்லி எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். போகிறேன்.