பிரிப்பதற்கு இவர்கள் யார் என்று கேட்டவளுக்கு

அக்கா மகள் நேற்று கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சித்தி, ஒங்களுக்கு எந்த ஹவுஸ் வந்திருக்கு பாருங்கோ!" அந்த மந்திரப் பள்ளிக்கூடக் கதையில் பிள்ளைகளைக் குணம் பார்த்து ஹவுஸ் ஹவுஸாகப் பிரிப்பார்கள்; எனக்குத் துணிச்சல்காரர்களின் ஹவுஸாம். அவளுக்குச் சந்தோஷம். எனக்கோ உன் குரல் கேட்டது: "யாரு டீ இவங்க, நம்மளப் பிரிக்கதுக்கு?"

இரண்டாயிரங்களின் தொடக்கம், நாம் பிளஸ் டூ படித்த காலம். நான் இந்த மலையாள ஊரில் வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ்ப் பெண். உன் அப்பா தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த கொத்தனார். அந்த மந்திரப் பள்ளிக்கூடக் கதையை ஒரே புத்தகத்தில் இருவரும் சேர்ந்து படிப்போம். நீ முன்னால் முடித்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருப்பாய்.

பாளையத்தில் ஒரு வாடகை நூலகத்தின் மாடியில், ஞாயிறுதோறும் அந்தக் கதையின் ரசிகர்கள் கூடுவார்கள். எல்லாரும் சேட்டன் என்று அழைத்த கல்லூரி மாணவர் ஒருவர் கேள்விகள் கேட்டு ஒவ்வொருவரையும் ஒரு ஹவுஸில் போட்டார். எனக்கு அன்றும் துணிச்சல்காரர்கள்தான். வேண்டியதை அடைய ஒரு விதிமுறை குறுக்கே நின்றால் என்ன செய்வாய் என்று உன்னிடம் கேட்டார்.

"அந்த விதிய யாரு போட்டான்னு மொதல்ல கேப்பேன். அப்புறம் சுத்திப் போவேன்."

உனக்குத் தந்திரக்காரர்களின் ஹவுஸ். கதையில் கெட்டவர்கள் எல்லாம் வருவது அங்கிருந்துதான். "பாண்டிக்கு அது கரெக்டு தன்னே!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். தமிழர்களை இங்கே மட்டமாகச் சொல்லும் சொல். அறையே சிரித்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு விவாதம்: ஒருவரின் ஹவுஸ் அவர் குணத்தைக் காட்டுமா? நன்றாகப் பேசுபவள் நீதான் என்று சேட்டனுக்குத் தெரியும். "மோளே, ஒரு உத்தரம் மாத்தினா மதி" என்று வந்தார். ஒரு பதிலை மாற்றிச் சொன்னால் போதும், நல்லவர்களின் ஹவுஸில் சேர்த்துத் தன் பக்கம் பேசவைப்பாராம்.

"வேண்டாம் சேட்டா. எனக்கு இதுவே மதி."

தனியாக எழுந்து நின்றாய். "சின்னப் பிள்ளைய வாசல்லயே நிறுத்தி, நீ இந்தக் கூட்டம்னு ஒரு மூலைல உக்கார வைக்காங்க. அந்த மூலையப் பாத்து ஸ்கூலே வெறுக்கு. அப்புறம் அதுல ஒருத்தன் கெட்டுப்போனா, அப்பவே சொன்னோம்லான்னு சொல்லுதாங்க. தப்பு பிள்ளை மேலயா, பிரிச்சவங்க மேலயா?"

"அது கதையல்லே மோளே!" வெறும் கதைதானே என்றார் சேட்டன்.

"கதைதான். போன வாரம் என்னைப் பாண்டின்னு சொன்னதும் கதையா?"

நான் துணிச்சல்காரர்களின் வரிசையிலிருந்து எழுந்து உன் பக்கம் வந்தேன்.

"ஒனக்கு இங்க என்ன டீ வேல?"

"நீ இருக்கற எடம் எனக்குப் போறும்."

வாக்கெடுப்பில் நமக்குக் கிடைத்தது நம் கைகள் மட்டும். படியிறங்கும்போது நீ சிரித்தாய். "அடுத்த ஞாயிறும் வருவோம். நம்ம மூஞ்சியப் பாக்கட்டும்." போனோம். அவர்களுக்குச் சலித்துப்போகும்வரை போனோம்.

பிறகு நீ வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலானாய். திருட்டிலும் அடிதடியிலும் சிக்கிய பிள்ளைகளின் வழக்குகளையே தேடி எடுத்தாய். "இவன் வந்த கூட்டமே அப்படிங்காங்க. நான் விடுவனா?" என்பாய் போனில். புற்றுநோய் உன்னை ஒரே வருஷத்தில் முடித்தது. இது நியாயம் என்று எவர் சொன்னாலும் ஒப்பமாட்டேன். உன்னை எரித்த அன்று சுடுகாட்டு வாசலில் எனக்குத் தெரியாத இளைஞர்கள் நின்றார்கள். சட்டையெல்லாம் பெயின்ட் கறையோடு ஒருவன் சொன்னான்: "மேடம் எங்கிட்ட மொதல்ல சாப்ட்டியான்னுதான் கேட்டாங்க. கேஸப் பத்தி அப்புறந்தான்."

நான் இப்போது ஆசிரியை. எங்கள் பள்ளியில் அடங்காத பிள்ளைகளையெல்லாம் ஒரே பிரிவில் தள்ளுவதென்று போன வாரம் முடிவெடுத்தார்கள். கூடாது என்று எழுந்து சொன்னேன். "டீச்சர் ஒருத்தர்தான் எதிர்க்கிறீங்க" என்றார் தலைமையாசிரியை. முடிவு மாறவில்லை. மறுபடியும் எழுந்தேன். "அப்படின்னா அந்தக் கிளாஸ் எனக்கு வேணும்" என்றேன்.

திங்கட்கிழமை முதல் அங்கேதான். காது கிழியச் சத்தம் போடுவார்களாம். போடட்டும். எனக்கும் இப்போது உரக்கப் பேசத் தெரியும், உன்னால்.