மாடம்பாக்கத்திலிருந்து நான்கேகால் ஒளியாண்டு

என் அருமை அண்ணா,

மனிதன் பக்கத்து நட்சத்திரத்துக்குக் கருவி அனுப்ப முடியும் என்று ஞாயிற்றுக்கிழமை மாலை மாடம்பாக்கத்தில் முடிவாகிவிட்டது. நம் குடியிருப்போர் சங்கம் கை தூக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு பதினேழு, எதிர்ப்பு ஐந்து. இனி விஞ்ஞானிகள் தயங்க வேண்டியதில்லை.

எல்லாம் உன் மொட்டைமாடி அறையால் வந்தது. நீ கண்ணை மூடிய பிறகு, தொலைநோக்கியை இறக்கிவிட்டு அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கலாம் என்றார் செயலாளர். "போகவே முடியாத எடத்தப் பாக்குறதுக்கு எதுக்கு சார் தனி ரூம்?"

நியாயமான கேள்வி. இருபது வருடமாக நான் உன்னிடம் கேட்டதும் அதுதானே. "இப்ப இருக்கிற ராக்கெட்ல எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்ணா, டிபன் கட்டிக்கிட்டுப் போ" என்பேன். "நீ ராக்கெட்டையே பிடிச்சுத் தொங்குறடா" என்பாய்.

அறையைக் காப்பாற்ற உன் கட்சியில் சேர்ந்தேன். உன் நோட்டுகளை மூன்று நாள் படித்தேன். மூன்றாம் நாள் சாப்பிட மறந்துபோனது. கிராம் கணக்கில் எடையுள்ள ஒரு கருவி, அதற்குக் கப்பலுக்குக் கட்டுவது போல ஒரு பாய். எரிபொருளே கிடையாது. தரையிலிருந்து லேசர் ஒளி அதைத் தள்ளிவிடும், ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னாயோ, நான்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனோ?

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு பெரிய லேசரை இன்னும் யாரும் கட்டவில்லை என்பதையும் மறைக்கவில்லை. மூன்றாம் மாடி கமலா டீச்சர் எழுந்தார்.

"அங்க போய் எப்படி சார் நிக்கும்?"

"நிக்காது டீச்சர். படம் எடுத்துக்கிட்டே தாண்டிப் போயிடும்."

"பெருங்களத்தூர்ல நிக்காத எக்ஸ்பிரஸ் மாதிரி. அதுலேருந்து போர்டைக்கூடப் படிக்க முடியாதே."

அறை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் முதலில் உயர்ந்தது அவர் கைதான். "பாதாளச் சாக்கடை வரும்னே நாலு தடவை கை தூக்கியிருக்கோம். இது என்ன பெரிசு?"

சிரிப்பு அடங்குவதற்குள் மற்ற கைகளும் எழுந்தன. அண்ணா, அந்தக் கைகளை நீ பார்த்திருக்க வேண்டும். எண்ணும்போது எனக்கு இரண்டு முறை தவறிவிட்டது.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "எத்தன வருஷத்துக்கு சார் ரூம்? மினிட்ஸ்ல எழுதணும்."

"போய்ச் சேர இருபத்தொண்ணு. படம் இங்க வந்து சேர இன்னும் நாலு. இருபத்தஞ்சுன்னு எழுதுங்க, கிளம்புற நாள்லேருந்து."

"கிளம்புறது எப்போ?"

"தெரியாது."

அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் படம் வரும்போது நான் அந்த அறையில் இருப்பேன், அண்ணா. பார்த்த உடனே உனக்குத்தான் சொல்வேன். அடுத்த மாதம் எனக்கு எழுபத்து மூன்று முடிகிறது.

கடைசிவரை உன்னை எதிர்த்து வாதாடிய
உன் தம்பி