சாமியார் விடமாட்டேன் என்றார்

சேசு மரி சூசை துணை

பெண்பிள்ளைகள் முகாம்,
மோரிப் கடற்கரை,
1-8-1934

பிரியமுள்ள அத்தானுக்கு உர்சுலா எழுதிக்கொண்டது. இடுப்பைத் தவிர மற்றபடி நான் சுகம்.

முகாமுக்குச் சமைக்க யார் வருகிறீர்கள் என்று சாமியார் கோயில் கூட்டத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் உங்கள் கை உயர்ந்துவிட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். உங்களுக்கு நெய்கூட வேண்டியதில்லை, பெண்டாட்டி கை மட்டும் போதும்.

நாற்பது பெண்கள். கடல் காற்றில் பசி பேயாய் எடுக்கிறது. ரப்பர் விறகோ ஈரம், ஊதி ஊதிக் கண் வீங்கிவிட்டது. முகாமை நடத்துகிற சிஸ்டர் சொல்கிற ஓட்ஸ் கஞ்சியை ஒருத்தியும் தொடுவதில்லை, சம்பல் அரைத்தால் சோற்றுப்பானை காலி. பிள்ளைகள் பேரில் எனக்குக் குறையில்லை. நேற்று ஒருத்தி கேட்காமலே வந்து என் காலைப் பிடித்துவிட்டாள்.

மனமெல்லாம் கிள்ளானில் கிடக்கிறது. என் தங்கை சாந்தமேரிக்கு இது மூன்றாவது பிரசவம். முன்னிரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை அக்கா பக்கத்தில் இருந்தால் போதும் என்று உங்கள் முன்னால்தானே கேட்டாள்? மாத நடுவில் என்கிறார்கள். அவள் புருஷன் லெஸ்லிக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. முகாம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எனக்குப் பதில் ஒரு ஆளை அனுப்பச் சொல்லிச் சாமியாரிடம் கேளுங்கள். நானே கேட்டுவிடுவேன். ஆனால் வாக்குக் கொடுத்தவர் நீங்கள், தலைகுனிவு உங்களுக்குத்தான்.

உங்கள்,
உர்சுலா

*

ரயில்வே குவாட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ்,
4-8-1934

அன்புள்ள உர்சுலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் சாமியாரிடம் போய்க் கேட்டேன். விடமாட்டேன் என்றார். நீ இல்லாவிட்டால் முகாமையே மூடவேண்டியதுதானாம். அவரே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்?

போன ஞாயிறு பிரசங்கத்தில் நம் குடும்பத்தைப் பேர் சொல்லிப் பாராட்டினார். பெரிய கிளார்க் வேலாயுதம்கூடக் கேள்விப்பட்டு ஆபீசில் விசாரித்தார். பிரசவம் நம் கையிலா இருக்கிறது? சர்வேசுரன் பார்த்துக்கொள்வார். எனக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. உன் மிளகு ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது.

உன் கணவன்,
கிரிகரி

*

மோரிப்,
10-8-1934

பிரியமுள்ள அத்தானுக்கு,

ரசத்துக்கு ஏங்குகிற நாக்கு எனக்காக இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். போகட்டும். சாமியார் விடவில்லை என்று சாந்தமேரிக்கு எழுதிப் போட்டேன். "சாமியாரே சொல்லிவிட்டால் சரி அக்கா" என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை, மீன். துண்டுக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லித்தான் பொரித்தேன். ரொம்ப அலுப்பாக இருக்கிறது அத்தான். நிமிர்ந்தால் வலிக்கிறது, குனிந்தாலும் வலிக்கிறது.

உர்சுலா

*

கிள்ளான்,
14-8-1934

அத்தானுக்கு,

ஞாயிறன்று சாமியார் முகாமுக்குப் பூசை வைக்க வந்தார். ஆப்பம் பரிமாறும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. "தங்கச்சிக்கு மாசம் சாமி, மனசு வைக்கக்கூடாதா?" என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கிரிகரி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா! சொல்லியிருந்தா மடத்துக் குசினிக்காரியை அப்பவே அனுப்பியிருப்பேனே" என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மீன் லோரியில் ஏறினேன்.

சனிக்கிழமையே பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. லெஸ்லி வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு மாரியாயிதான் பிரசவம் பார்த்தாள். சாந்தமேரிக்கு அப்போது நினைவு தப்பிவிட்டது. பிள்ளை மூச்சுக்குத் திணறியபோது மாரியாயி முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாளாம். பிள்ளை தங்கவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாமலே யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரோடு அதற்குரிய வார்த்தை சொல்ல வீட்டில் ஒரு வேதக்காரி இல்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற மாரியாயிக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் மோரிபில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். லெஸ்லி தினமும் போய் அங்கே நிற்கிறார். உள்ளே கிடக்கிற முதல் இரண்டு பிள்ளைகளோடு இதைச் சேர்க்க விடவில்லையே என்று அழுகிறார்.

சாந்தமேரி என்னை நோகவில்லை. "சாமியார் விடலைன்னா நீ என்னக்கா பண்ணுவே?" என்று என் கையைத் தடவிக்கொடுக்கிறாள். உங்கள் பொய்க்கு அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உண்மையை நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்லவேண்டும். வருகிற ஞாயிறு வாருங்கள். சொன்னால் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்,
17-8-1934

அன்புள்ள உர்சுலாவுக்கு,

உன் கடிதம் கண்டு அழுதேன். நம்பினால் நம்பு. சாமியாரைக் கேட்கத்தான் போனேன், வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். எல்லோர் முன்பும் கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இப்படி ஆகும் என்று யார் கண்டார்?

நான் வந்துதான் சொல்லவேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஞாயிறு மாதா சுற்றுப்பிரகாரம். சப்பரத்துக்கு முன்னால் குடை பிடிக்கிறவர்களில் என் பேரையும் போட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் நான் இல்லையென்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அடுத்த ஞாயிறு பார்ப்போம். அதுவரை சாந்தமேரியிடம் நீயே ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்.

என் வெள்ளைக் கோட்டை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறாய்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்குள் கிடைக்கும்படி உடனே எழுது.

உன் கணவன்,
கிரிகரி