நான்கு மணிப் பால் காப்பி

அன்புள்ள உனக்கு,

ஹைஃபாவில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று ஒரு மணிக்குக் கோழி சாப்பிட்டோம். நம் யூதச் சட்டப்படி இறைச்சி தின்றபின் பாலைத் தொடக் காத்திருக்க வேண்டியது இந்த வீட்டில் மூன்று மணி நேரம்தான்; ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம். உங்கள் வீட்டில் ஆறு. உன்னை மணந்த அன்று உன் வழக்கம் எனக்கும் ஆனது.

நான்கு மணிக்கு அம்மா பால் காப்பி கொண்டுவந்தாள். என் கை நீளவில்லை.

"என்னடி, இன்னும் அவன் வீட்டுக் கணக்கா?" என்று அக்கா திர்ஸா சிரித்தாள். "மதகுரு ரப்பிங்க உங்களைப் பிரிச்சு வைக்கப்போறாங்க. உன் வயித்துக்கு யாரும் சொல்லலையா?"

"இன்னும் பிரிக்கலையே."

அம்மா கோப்பையை எடுத்துப்போனாள்.

எனக்கே விந்தையாக இருந்தது. வீட்டுச் சாவியைக்கூட உன் முன்னால் எறிந்துவிட்டு வந்தவள், இதை மட்டும் ஏன் எடுத்துவந்தேன்? வெறும் பழக்கமா என்று என்னையே கவனித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குத்தான் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மணவிலக்குப் பத்திரத்தை நீ என் கையில் வைத்தால், அதோடு உன் வழக்கம் என்னைவிட்டுப் போய்விடும். அதைத் தரச்சொல்லி உன்னை ரப்பிகளின் நீதிமன்றத்துக்கு இழுத்தவளே நான்தான்.

இப்போது கேட்கிறேன். கொண்டுவராதே.

இன்னும் உன் மனைவி