மூன்றாவது பாவாடையின் பை

ஐப்பசி 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்றைக்கு, முன்பு வேலை பார்த்த நூல் மில்லுக்கு மூன்று பாவாடை கட்டிக்கொண்டு போனேன். குளிருக்காக இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் காசம் தின்ற உடம்பு, ஒட்டடைக் குச்சிக்குச் சேலை சுற்றின மாதிரி இருக்கிறது. கொஞ்சம் இடுப்பு தெரிந்தால்தானே ஆள் என்று நம்புவார்கள். அடியில் கட்டினது பழைய பாவாடை, உள்பக்கம் பை தைத்தது. பஸ் காசு அதில்.

கேட்டில் அதே வாட்ச்மேன்.

"அட, மயிலாத்தாக்காங்களா! ஒரு சுத்துப் பெருத்துட்டீங்களே!"

"ஆஸ்பத்திரிச் சோறுங்க. நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க."

சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனான்.

மேஸ்திரி வந்து, பேர் எப்போதோ அடித்தாகிவிட்டது, புதன்கிழமை வாங்க, ட்ரையல் பார்க்கலாம் என்றார். கொண்டுபோக வேண்டியது: ரேஷன் கார்டு, போட்டோ 2, ஆஸ்பத்திரிச் சீட்டு (கேட்டால் மட்டும்).

வேலை கிடைத்தால் செல்வி வீட்டுக்கு வருவாள். பத்து வயசுப் பிள்ளை, எனக்குச் சீக்கு என்றதும் அன்னூருக்குப் போனது. அன்னூர் நங்கையா, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா, கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலைக்கு எவனாச்சும் சேத்துக்கிட்டான்னா அப்பறம் எனக்கென்ன அம்மணி, உன்ற புள்ளைய நீ கூட்டிக்கிட்டுப் போ." தீபாவளிக்கு இரண்டு வாரம்.

மா.: இல்லை. இ.: இல்லை.

(மாத்திரை, இருமல். தினம் எழுது என்று நர்ஸம்மா கொடுத்த நோட்டு இது. மாத்திரை போன மாசமே முடிந்து, குணமென்று சீட்டும் கொடுத்தாகிவிட்டது. எழுதுகிற கை நிற்க மாட்டேன் என்கிறது. மூன்றாங்கிளாஸோடு நின்ற கைக்கு இத்தனை ஆசை.)

ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை. நாள் முழுக்க முடிச்சுப் போட்டுப் பழகினேன். நூல் அறுந்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிச்சு விழ வேண்டும், அதுதான் ட்ரையல். முன்பெல்லாம் கையைப் பார்க்கவே மாட்டேன். இப்போது மாத்திரையால் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. நூல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை.

அவர் பட்டறையிலிருந்து வந்து பார்த்தார். "ஏம்புள்ள, ஊடு பூரா நூலாக் கெடக்குது? சிலந்தி குடி வந்துருச்சா?"

"சிலந்திக்கு எட்டுக் கையிங்க. எனக்கு ரண்டுதானுங்க, அதுலயும் ஒண்ணு சண்டித்தனம் பண்ணுது."

உட்கார்ந்து நூலைப் பொறுக்கினார்.

மா.: இல்லை. இ.: இல்லை.

ஐப்பசி 12, புதன்

ட்ரையல் நன்றாகத்தான் போனது. "கை பழைய கைதானுங்" என்று மேஸ்திரியே சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

என்னை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டுக் கண்ணாடி ரூமுக்குள் பேசினார்கள். மேனேஜர் முதுகு, மேஸ்திரி முதுகு. சுலோச்சனாவையும் கூப்பிட்டார்கள். அவள் முகம் மட்டும் என் பக்கம். பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷின். என் தூக்குப்போசிச் சோற்றில் பாதி அவளுக்குத்தான்.

நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவின் இரைச்சலில் காது ஒன்றுக்கும் ஆகாது. வாயைப் பார்த்தேதான் பேச்சு. யாருக்கு மாப்பிள்ளை வந்தது, யார் மாமியார் செத்தது, எல்லாம் சத்தமில்லாமல் தெரிந்துவிடும். ரகசியம் என்றால் முந்தானையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது மில்லு மரியாதை. சுலோச்சனா மறந்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் சொன்னது:

"நல்லவங்கதானுங்க."

அப்புறம்: "ஆனா பக்கத்துல நாங்க யாரும் நிக்க மாட்டமுங்க. புள்ளகுட்டி இருக்குதுங்க."

அப்புறம்: "எல்லாருக்கும் ஒரே பானைத் தண்ணியிங்க."

வெளியே வந்தாள். "நல்லாத்தான் சொல்லியிருக்கறனுங்க்கா. ஆள் அனுப்பறன்னாங்க."

"செரி கண்ணு."

ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவள் கேட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் லாரி, பஸ். நானும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்: "அடுத்த தடவ முந்தானைய வெச்சுக்க."

புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். இப்போது.

மா.: இல்லை. இ.: இல்லை. சோறு: இறங்கவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

அன்னூர் போனேன். வானம் மப்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "எங்கீங்க போறீங்க?" "புள்ளையப் பாக்க." "கட்டிக் குடுத்த எடமுங்களா?" "ஆமாங்க, பத்து வயசுலயே கட்டிக் குடுத்துப்போட்டனுங்க." பாவம், அவள் நம்பி முழித்தாள்.

நங்கையா வாசலிலேயே காப்பி கொடுத்தார். எனக்கென்று ஒதுக்கின டம்ளர் துவைக்கிற கல் பக்கத்தில்தான் கவிழ்ந்து கிடக்கும், ஒரு வருஷமாக அதே இடம். ஒரு பல்லி அதன்மேல் குடித்தனம் நடத்துகிறது. அதற்குச் சீக்குப் பயமில்லை.

செல்வி ஜன்னலுக்குள். தலை சீவி, இரட்டைச் சடை, பளபளவென்று எண்ணெய். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். நங்கையா திரும்பின நேரம் பிள்ளை வாயை அசைத்தது. நாலு வயசில் நான் பழக்கினது.

"எப்ப?"

"தீபாவளிக்கு."

"நெசமா?"

நங்கையா திரும்பிவிட்டார். "என்ன அம்மணி, மில்லுல எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கொ." வாய் தானாகச் சொன்னது.

"அப்பிடீன்னா ஒரு எழுத்து வாங்கிட்டு வா. கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு." ஜன்னல் பக்கம் பார்த்து, "நான் பேயில்ல மயிலாத்தா. எங்கம்மா இதுலதான் போனா. அதான் பயம்."

மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்தேன்.

மா.: இல்லை. இ.: இல்லை. பொய்: 2.

ஐப்பசி 17, திங்கள்

மழை. இரண்டு இடம் பார்த்தேன். கிரைண்டர் கம்பெனியில் வயசு கேட்டார்கள். துடியலூர் பக்கம் ஒரு வைண்டிங் ஷெட்டில் சீட்டைப் பார்த்ததும் "எடம் இல்லீங்க." வெளியே "ஆட்கள் தேவை" போர்டு மழையில் நனைந்துகொண்டிருந்தது.

கடைசியாக உக்கடத்தில் பாய் ஒருவரின் கழிவுப்பஞ்சு குடோன். மில் கழிவைப் பிரித்து மூட்டை கட்டுகிற வேலை. உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத தூசு. பஞ்சுத் தூசுப் பக்கமே தலை வைக்காதீங்க என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை விரலை ஆட்டி.

மறைக்காமல் சொன்னேன். பாய் யோசித்தார்.

"எங்க அத்தாவுக்கும் இருந்துச்சும்மா. ஒரே தட்டுலதான் சாப்பிட்டோம். எனக்குப் பயமில்ல. ஆனா இந்தத் தூசு உங்களுக்கு ஆவுமா?"

"தூசுதானுங்க என்னியப் பாத்துப் பயப்படோணும்."

அவர் சிரிக்கவில்லை. "கதவோரமா உக்காந்து பிரிங்க. வாயில துணி கட்டிக்குங்க" என்றார்.

நாளையிலிருந்து வேலை. மா.: இல்லை. இ.: இல்லை.

ஐப்பசி 19, புதன்

வாயில் துணி கட்டினால் என் கேலி யாருக்கும் கேட்பதில்லை. நல்லதுதான் என்கிறார்கள் கூட வேலை பார்க்கிறவர்கள். மூன்று பாவாடையும் தொடர்கிறது, கதவோரம் ஈரக்காற்று. வீட்டில் அவரிடம் மூட்டை தைக்கிற வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இ.: 1. தூசாக இருக்கும்.

ஐப்பசி 22, சனி

எழுத்து கிடைத்துவிட்டது! பாய் வெள்ளைத் தாளில், மைப்பேனாவில், அவர் கையாலேயே: மயிலாத்தாள் எங்களிடம் வேலை பார்க்கிறார், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். கையெழுத்து, ஊதா சீல். "ஆரோக்கியமாக" என்பதை எழுதுமுன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், இருமல் வந்துவிடாமல்.

நாளையிலிருந்து மூன்று நாள் குடோன் லீவு. பாய் மகள் வீட்டுக்குத் திருச்சி போகிறார். திங்கள் தீபாவளி. நாளைக்கு மத்தியான பஸ்ஸில் போய்ப் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். வாங்கியது: பாவாடை சட்டை (சிவப்பு), கம்பி மத்தாப்பு, சாந்துப் பொட்டு.

தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸில் பிக்பாக்கெட் பயம். கடுதாசியை நாலாக மடித்து அடிப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்ததும் மூன்றையும் அவிழ்த்துப் போட்டுப் படுத்தாயிற்று. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். உடம்பு அசதி.

இ.: எண்ணவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

நல்ல வெயில். நேரம் கழித்துத்தான் எழுந்தேன். நான் தூங்கட்டும் என்று அவர் என் துணியெல்லாம் துவைத்துப் போட்டிருக்கிறார். கல்யாணமாகி முதல் தடவை. சோப்புப் போட்டு, நீலம் போட்டு, அடித்துத் துவைத்திருக்கிறார். அழுக்கு ஒன்றுகூட இல்லை. கொடியில் முதல் பாவாடை, இரண்டாவது பாவாடை, மூன்றாவது பாவாடை. அதற்குப் பக்கத்தில், கிளிப் மாட்டி, நாலு மடிப்புத் தெரிய, ஒரு வெள்ளைக் காகிதம்.