தனி வாளி

என் மனைவியின் தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறையும் வராது. உன் புது வீட்டில், வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "அத்தானுக்குக் காலேஜ்ல பசங்க கிடைக்கலேன்னா நம்மளைப் புடிச்சு வச்சுப் பாடம் எடுப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாயே, அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை.

எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். அவள் கை பட்டால் என் வெள்ளைச் சட்டையில் நீலம் திட்டுத் திட்டாக ஏறிவிடும். மழை தொடங்கிய சமயம், தன் துணிகளுக்கு அவள் தனி வாளி வைத்துக்கொண்டாள். உன்னால் எங்களுக்குள் வந்த சண்டை அப்போது ஆறவில்லை. கோபத்தில் பிரித்துவிட்டாள் என்று நினைத்தேன். நானாகப் போய்க் கேட்பேனா? போன மாதம் குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனபோதுதான் வாளியைப் பார்த்தேன். தண்ணீர் சிவந்திருந்தது.

மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆனவள். தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள், "உனக்கு இளமை திரும்புதுடி, வீட்டுக்காரரை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்றாளாம். இவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். இன்னும் கருப்பையைத் தாண்டியதாகத் தெரியவில்லையாம். கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுமாம். கதிர்வீச்சு வேண்டுமா என்பது அதன் பிறகுதான் தெரியுமாம். "நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும்மா" என்று கடிந்துகொண்டார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், வெளியே வந்ததும், "கத்தி மட்டும் வேணாங்க. எங்கம்மா ஆபரேஷன்னு உள்ள போனாங்க, திரும்பி வரலை" என்றாள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இன்னும் பையில் ஒரு புடவைகூட எடுத்து வைக்கவில்லை. நான் வாயைத் திறந்தால், "ஆரம்பிச்சிட்டீங்களா பாடத்தை" என்கிறாள். நீ கற்றுக்கொடுத்த வார்த்தை.

உங்கள் அம்மாவின் உயிரை எடுத்தது கத்தி அல்ல என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து நீ அழுதுகொண்டே சொன்னாய். மகள் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்று ஒரு வருஷம் உதிரப்போக்கை மறைத்தாராம். என் கல்யாணம். "அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா அத்தான்" என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினாய். உன்மேல் எவ்வளவு ஆத்திரம் வந்தபோதும் அந்த வாக்கை நான் மீறவில்லை.

இப்போது அவளுக்குத் தெரிய வேண்டும். நான் சொன்னால், ஆஸ்பத்திரிக்கு இழுக்கக் கதை கட்டுகிறேன் என்பாள். அம்மாவின் கட்டிலருகே இருந்தவன் நீ. நீ சொன்னால் நம்புவாள். அழுவாள். அழட்டும், உயிரோடு இருந்து அழட்டும்.

போனில் நீ "அத்தான்" என்று ஆரம்பித்தால் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பதினெட்டுக்கு முன்னால் வந்து சேர். என்னோடு பேச வேண்டும் என்பதில்லை. உன் துணிகளை மட்டும் என் வாளியில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்