ட்ரேசியின் ஒருசந்தி

மார்ச் 9, 2025. ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தோம். மழை. கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை.

சாம்பல் புதனிலிருந்து ட்ரேசி சோறு தொடவில்லை. நானும் ஒருசந்தி பிடிக்கிறவள்தான். ஆனால் அந்த ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டுவிடுவேன். இவளுக்கு அதுவும் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையின் வெள்ளையும்தான். தேங்காய்ப்பால் இல்லை, சீனி இல்லை, ராத்திரிக்கு ஒன்றுமே இல்லை. இருபத்தொரு வயதுப் பிள்ளை! இந்தக் காலத்தில் யார் இப்படித் தவக்காலம் அனுசரிக்கிறார்கள்? அவள் அப்பன், என் மகன் கீத், கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமையிலேயே கோழி தின்கிறவன். அவன் பெற்றது ஈப்போவில் என்னோடு இருந்து இப்படி வளர்ந்திருக்கிறது.

ஃபாதரிடம் சொன்னேன். "நல்ல முன்மாதிரி" என்றார். பக்கத்து வீட்டுச் சரோஜாதேவியிடமும் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சைவம், ரிட்டயர் ஆன டீச்சர். "நாங்கள் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பிடிக்கிறது. இது நாற்பது நாளோ? படகு வலிக்கிற பிள்ளைக்குப் பெலன் வேண்டாமோ, ஆலிஸ்?" என்றாள்.

பொறாமைதான். வேறென்ன?

மார்ச் 14, வெள்ளி

இன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை பிள்ளை. அந்தோணியாரே, எனக்கு இப்படி ஒரு பேத்தி.

மார்ச் 22, சனி

ட்ரேசியோடு பத்துகாஜா பக்கம் குளத்துக்குப் போனேன். ஈயம் தோண்டின பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்ட இடம். முன்பெல்லாம் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டோம். விழுந்தால் ஆழம் தெரியாது. இப்போது அதில் கயிறு கட்டி, மிதவை போட்டு, மாநில அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

படகு ஊசி மாதிரி. அகலம் அவள் இடுப்பளவுதான். போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் சேர்த்து இழுக்கிறாள். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. கைதான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். "இல்ல பாட்டி, காலாலதான் தள்றோம்" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், இதை யார் கண்டுபிடித்தது என்று. லண்டன் ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்த்த படகோட்டிகள் முதலில் பந்தயம் கட்டி ஓட்டினார்களாம். பிறகு காலேஜ் பிள்ளைகளும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததும் ஒரு சட்டம் போட்டார்களாம்: கையால் உழைத்துப் பிழைக்கிறவன் எங்கள் போட்டியில் சேரக்கூடாது.

"ஏனாம்?"

"வேலை செஞ்சு செஞ்சு அவங்க உடம்பு முறுக்கா இருக்குமாம். அது நியாயமில்லையாம், பாட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி, பதின்மூன்று வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவள் நான். என்னை வேண்டாம் என்று சொல்ல அவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து யோசித்திருக்கிறார்கள்! சிரித்த பிறகு வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தச் சட்டமும் போயிற்றாம். நாடுகள் சேர்ந்து சங்கம் அமைத்தன. ஒலிம்பிக்கில் பெண்கள் வந்தது எழுபத்தாறில்தான். அப்போதும் ஆறடிப் பெண்களே ஜெயித்தார்கள். அதனால் நம்மைப் போன்ற சின்ன உடம்புக்காரர்களுக்கு லைட்வெய்ட் என்று தனிப் பிரிவு வைத்தார்களாம். பெண்கள் ஐம்பத்தொன்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

நம் அளவுக்கும் ஒரு இடம் வைத்தார்களே, நல்ல மனசு. இதில்தான் ட்ரேசி ஒலிம்பிக் போவாள். தாமான் வீடுகள் முழுக்க, கோயில் முழுக்க எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

உச்சி வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறாள்! மேலே பிளாஸ்டிக், உள்ளே இரண்டு சட்டை. வாசலில் நிறுத்தி, "இது என்னம்மா, நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா, பாட்டி."

முகத்தில் ரத்தமே இல்லை. புனிதர்கள் படத்தில் இருப்பது போல இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. ஃபாதர் பிரசங்கத்தில் ட்ரேசியின் பெயரைச் சொன்னார். "நம் பங்கில் ஓர் இளம் வீராங்கனை ஒருசந்தி இருக்கிறார், நாம் என்ன செய்கிறோம்?" என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் குனிந்தே இருந்தாள். அடக்கம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் மயங்கி விழுந்துவிட்டாள். முட்டியில் காயம். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கஞ்சி கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஒருசந்தியில் இருக்கிற சீக்காளி சாப்பிட்டால் பாவமில்லை என்று ஃபாதரே வந்து சொன்னார். "பரவாலை, ஃபாதர்" என்கிறாள். என்ன பரவாலை?

மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

எப்படி எழுதுவது?

கீத் குடும்பம் வந்திருந்தது. ஆட்டு பிரியாணி, கோழி வறுவல், பாயசம், நாற்பது நாளுக்கும் சேர்த்துச் சமைத்தேன். ட்ரேசி தட்டில் முதல் கரண்டி நான்தான் வைத்தேன். தட்டைத் தள்ளினாள்.

"ஒருசந்தி முடிஞ்சுபோச்சுலா. ஆண்டவரே எழுந்துட்டாரு, நீ சாப்பிடு."

"வேணாம், பாட்டி. சனிக்கிழம வரைக்கும் வேணாம்."

"சனிக்கிழம என்ன?"

கீத்தான் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அலாமாக்! அம்மா, உங்களுக்குத் தெரியாதா? சனிக்கிழம செலக்‌ஷன். இவ ஒருசந்தி இருந்தது தராசுக்கு. சாமிக்கில்ல."

அப்பன் பேசுகிற பேச்சா இது! ஐம்பத்தொன்பது கிலோ. காரில் அவளே சொன்னாளே. சொல்லியும் எனக்கு ஏறவில்லையே. ஃபாதர் பீடத்திலிருந்து சொன்னாரே, ஐயோ! நான் ஏன் போய் ஃபாதரிடம் சொன்னேன்? அவளாவது என்னிடம் "இல்ல பாட்டி"ன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?

பிரியாணி மீந்துபோயிற்று. சரோஜாதேவி வீட்டுக்குக் கொடுக்கவும் முடியாது.

ஏப்ரல் 21, திங்கள்

யோசித்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் ஸ்டோருக்கு முன் பால் வாளியோடு வரிசையில் நிற்போம். தராசில் ஒரு கிலோ கூட வந்துவிடாதா என்று பார்ப்போம். இந்தப் பிள்ளை அதே தராசின் முன் குறையாதா என்று நிற்கிறது. குறைக்க அவளிடம் என்ன இருக்கிறது? கழுத்து எலும்பில் சோப்பு நிற்கும் போல இருக்கிறாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பயிற்சியாளர் தேவன் வந்தார். நான்தான் கூப்பிட்டு அனுப்பினேன். சண்டை போடத்தான்.

"ஒலிம்பிக் அனுப்பணும்னா பிள்ளைய இப்படிக் காயப் போடணுமா, தம்பி?"

அவர் ட்ரேசியைப் பார்த்தார். "நீ இன்னும் சொல்லலியா?"

லைட்வெய்ட் ஒலிம்பிக்கில் இல்லையாம். போன வருஷம் பாரிசோடு முடிந்துவிட்டதாம். அடுத்த ஒலிம்பிக்கில் அந்த இடத்தைக் கடல் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். மணலில் ஓடி, படகுக்குள் பாய்ந்து, அலையில் மிதவையைச் சுற்றி வந்து, குதித்து மறுபடி மணலில் ஓட வேண்டும். எடைக் கணக்கே கிடையாது. "ஒரு வருசமா கடலுக்கு வான்னு கூப்பிடுறேன், பாட்டி. வரமாட்டேங்குது. இந்தத் தேர்வுல ஜெயிச்சா ஆசியப் போட்டி ஒண்ணுக்கு லைட்வெய்ட்ல போகலாம். அவ்வளவுதான், அதுக்கப்புறம் வழி இல்ல. எடைய விடுன்னு நானும் சொல்லிட்டேன்."

அவர் போனதும் கேட்டேன். ஏன் போகவில்லை? ஏன் சொல்லவில்லை?

"நீங்க எல்லார்கிட்டயும் ஒலிம்பிக்னு சொல்லிட்டீங்க. ஒரு மெடல் கொண்டாந்து கையில குடுத்துட்டா நீங்க அத மறந்துடுவீங்கன்னு நெனச்சேன். கடல்ல நான் புதுசு, பாட்டி. மொத ரவுண்டுலயே தோப்பேன். அத எப்படிக் கோயில்ல சொல்வீங்க?"

சமையல்கட்டில் போய் நின்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

உண்மையை எழுதுகிறேன். எனக்கு அந்த மெடல் வேண்டும். கழுத்தில் ரிப்பனோடு நடுப்பீடத்தில் அவள் நிற்க, நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சனிக்கிழமைக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. முதலில் சரோஜாதேவியிடம் போனேன். அவள்தான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் மற்றது சுலபம். பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ட்ரேசி ஒலிம்பிக் போகல, சரோஜா. அந்தப் பிரிவே இல்லயாம். அந்த ஒருசந்தியும்... ஒருசந்தி இல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். குழாயை மூடினாள்.

"அப்ப பிள்ளை இனிச் சாப்பிடலாம்தானே?"

எனக்கு ஏன் அது முதலில் தோன்றவில்லை?

சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் சொன்னேன். ஒலிம்பிக் நான் அவசரப்பட்டுச் சொன்னது, ஒருசந்தி நான் தப்பாகப் புரிந்துகொண்டது, பிள்ளை மேல் குற்றமில்லை என்று. ஃபாதர் இருமினார். விவியன் அக்கா, "பரவாலலா, ஆலிஸ், மெலிஞ்சதாவது நெஜந்தானே" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. ட்ரேசியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 26, சனி

குளத்துக்கு நானும் போனேன். வேண்டாம் என்றாள். கேட்கவில்லை.

காலையில் தராசில் ஏறினாள். கொஞ்சம் கூடுதல். வேர்த்துக் கொட்டினால் சரியாகிவிடும், நேரம் இருக்கிறது என்று மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் இரண்டு பேர் ஓடினார்கள். நான் எடை பார்க்கும் கூடாரத்துக்கு வெளியே நாற்காலியில். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் போனாள். ஒரு தடவை நின்றாள். உதடு வெடித்திருந்தது.

"பாட்டி, நான் மறுபடி தராசுல ஏறலன்னா கோயில்ல என்ன சொல்வீங்க?"

"சொல்லியாச்சுலா."

"என்ன சொல்லியாச்சு?"

"எல்லாத்தயும். ஒலிம்பிக் இல்ல, ஒருசந்தி இல்ல. வியாழக்கிழமயே சொல்லிட்டேன். விவியன் அக்கா சிரிச்சா. சரோஜா சிரிக்கல."

உள்ளே ஒலிபெருக்கியில் ட்ரேசியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் "போகாதே" என்று சொல்லவில்லை. "போ" என்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். கூடாரத்து வாசல் வரை நடந்தாள். அங்கே தேவன் நின்றிருந்தார். அவரிடம் ஏதோ பேசினாள். திரும்பி வந்து மழைக்கோட்டைக் கழற்றி, என் காலடியில் புல்லில் உட்கார்ந்தாள். என் பாட்டிலை வாங்கித் தண்ணீரைக் குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கழுத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை வேறு பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசைக்கு அவள் வரவில்லை. தூங்கட்டும்.

ஜெயித்திருப்பாளோ? ஜெயித்த பெண்ணின் நேரத்தைத் தேவன் சொன்னார். ட்ரேசி அதைவிட வேகமாகப் போயிருக்கிறாளாம். கேட்காமல் இருந்திருக்கலாம்.

மே 11, ஞாயிறு

நேற்று லுமுட் பக்கம் கடற்கரைக்குப் போனோம். ஆயர் தாவாரில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டாள். தேவனே அவளுக்கு இன்னொரு ரொட்டிக்குச் சொன்னார்.

கடல் படகு அந்த ஊசி மாதிரி இல்லை. கட்டையாக, அகலமாக, அடி வாங்கும் சாமானாக இருக்கிறது. விசில் ஊதியதும் மணலில் ஓடினாள். பாய்ந்தாள். படகு ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். மறுபடி ஏறினாள். அலை தூக்கிப் போட்டது. ஏரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நேராக இழுத்த பிள்ளைக்கு இங்கே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிதவையைத் தவறவிட்டு எங்கோ போய்விட்டாள்.

அழுவாள் என்று துண்டோடு ஓடினேன். வாயிலிருந்து உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இது என்னா விளையாட்டு, பாட்டி, பைத்தியக்கார விளையாட்டு!" என்கிறாள். சிரிக்கிறாள். இவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று?

மே 30, வெள்ளி

காலையில் சோற்றுப் பானையில் ஒன்றும் மிச்சமில்லை. எலி என்று நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கடல் போட்டி. முதல் சுற்றிலேயே வெளியே. நன்றாக ஓடினாள். மிதவையை மட்டும் அகலமாகச் சுற்றிவிட்டாள். சாயங்காலம் பூசையில் விவியன் அக்கா கேட்டாள், "என்ன ஆச்சு, ஆலிஸ்?" "தோத்துட்டா" என்றேன். ட்ரேசியும் பக்கத்திலேயே நின்று, எப்படித் தோற்றாள் என்று கையை வீசி வீசி விவரித்தாள்.

நாளையிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை கடலுக்குப் போகிறாள். தேவன் கேட்டார், இவளே சரி என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

அடுத்த மாதம் ரோய்ஸ்டன் கல்யாணம், ட்ரேசிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ட்ரேசிக்குப் போன வருஷம் தைத்த பட்டு ரவிக்கையைப் போட்டுப் பார்த்தோம். கை முட்டியைத் தாண்டித் தோளுக்கு ஏறவில்லை. "பிடிச்சு இழுங்க, பாட்டி" என்றாள். இழுத்தேன். தையல் பிரிந்தது.

உள்ளே விட்டிருந்த துணியையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். போதாது. முதுகிலும் போதாது. அவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பித் தன் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கவில்லை.

புதிதாகத்தான் தைக்க வேண்டும். நாளை பூசை முடிந்ததும் துணிக்கடைக்குப் போகிறோம். தையல்காரரிடம் கொஞ்சம் பெரிதாகவே வெட்டச் சொல்ல வேண்டும்.